5-க்கு 4.2: மாணவர் போடும் மார்க் எதை அளக்கிறது?

ஒரு பேராசிரியருக்கு அவருடைய மாணவர்கள் சேர்ந்து 5-க்கு 4.2 போட்டிருக்கிறார்கள். அதே பாடத்தைப் பக்கத்து வகுப்புக்கு எடுப்பவருக்கு 3.9. இருவரில் யார் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்? 4.2 வாங்கியவர் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். ஓட்டல், செல்போன், கால் டாக்ஸி என்று எல்லாவற்றுக்கும் ஸ்டார் பார்த்தே பழகிவிட்டோம். ஆனால் அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது என்று கேட்டால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

இது எனக்குச் சும்மா வந்த கேள்வி இல்லை. என் சித்தி மகள் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர், கணிதம் எடுக்கிறாள். செமஸ்டர் முடிவில் மாணவர் ஃபீட்பேக் சதவீதமாக வரும். "80-க்குக் கீழ போச்சுன்னா விளக்கம் எழுதிக் கொடுக்கணும் அண்ணா. ரெண்டு தடவை போனா இன்க்ரிமெண்ட் கிடையாது" என்றாள். அவளுக்கு 78, பக்கத்துப் பிரிவு ஆசிரியருக்கு 84. மேலே சொன்ன 3.9-ம் 4.2-ம் அதுதான். இந்த 6 சதவீத வித்தியாசத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். சில வார இறுதிகளில் உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். நான் கல்வியியல் படித்தவன் இல்லை, சாஃப்ட்வேர்க்காரன். ஆனால் அளவீடு, சராசரி, சோதனை என்பதெல்லாம் எங்கள் தொழிலிலும் தினமும் புழங்குகிற சரக்குதான். படித்ததில் தேறியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆசிரியருக்கு மாணவர் மார்க் போடும் பழக்கம் புதிதில்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ் என்ற உளவியலாளர் 1920-களிலேயே இதற்கென்று ஒரு படிவம் தயாரித்துவிட்டார். 1960-களின் கடைசியில் அங்கே மாணவர் போராட்டங்கள் சூடு பிடித்தபோது, "எங்களுக்கு யார் எப்படிச் சொல்லித்தருகிறார் என்று நாங்களும் பேசுவோம்" என்ற கோரிக்கையோடு இது பரவியது. பிறகு நிர்வாகம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பதவி உயர்வு, வேலை நிரந்தரம் ஆகியவற்றோடு முடிச்சுப் போட்டது. மாணவர் குரலாக ஆரம்பித்தது நிர்வாகத்தின் அளவுகோலாக மாறியது. 1999-ல் ஜான் ஸ்வாப்சின்ஸ்கி என்ற கலிஃபோர்னியா சாஃப்ட்வேர் பொறியாளர் இதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். அதுதான் பின்னால் 'ரேட் மை ப்ரொஃபசர்ஸ்' ஆனது. அதில் பேராசிரியர் பார்க்க லட்சணமாக இருந்தால் ஒரு மிளகாய்ப் படம் போடலாம். 2018-ல்தான் எடுத்தார்கள். பாடம் நடத்துவதற்கும் மிளகாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.

இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் கதை டாக்டர் ஃபாக்ஸ் கதை. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த நாஃப்டுலினும் கூட்டாளிகளும் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரைப் பிடித்து, 'டாக்டர் மைரன் ஃபாக்ஸ்' என்று பெயர் வைத்து, மருத்துவக் கல்வியில் விளையாட்டுக் கோட்பாட்டுக் கணிதம் என்ற தலைப்பில் பேச வைத்தார்கள். அந்த மனிதருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. முன்னுக்குப் பின் முரணாகப் பேசு, இல்லாத சொல்லை உருவாக்கிச் சொல், ஆனால் உற்சாகமாக, நகைச்சுவையோடு பேசு என்று பயிற்சி கொடுத்திருந்தார்கள். பேச்சை நேரிலும் வீடியோவிலுமாகக் கேட்டவர்கள் 3 குழுக்களில் மொத்தம் 55 பேர். மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், கல்வியாளர்கள் என்று எல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பேச்சு நன்றாக இருந்தது, சிந்திக்கத் தூண்டியது என்றே எழுதிக் கொடுத்தார்கள். 1973-ல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

கேட்கச் சுவையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இதை வைத்துக்கொண்டு அதிகம் குதிக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான நிபுணர் ஒருவரின் பேச்சு அதில் இல்லை. கேட்டவர்கள் ஏதாவது கற்றார்களா என்று பரிசோதிக்கவும் வழியில்லை, ஏனென்றால் கற்க அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு மணி நேரப் பேச்சில் ஏமாறுவது வேறு, ஒரு செமஸ்டர் முழுக்க ஏமாறுவது வேறு. உற்சாகமான பேச்சு ரேட்டிங்கை ஏற்றும் என்பதற்கு மேல் இதிலிருந்து எதையும் பிழிந்தெடுக்கக் கூடாது.

சரி, அப்போது உண்மையான சோதனை எப்படி இருக்க வேண்டும்? ஒரே பாடத்தைப் பல பிரிவுகளாகப் பிரித்து வெவ்வேறு ஆசிரியர்கள் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே தேர்வு. பிறகு எந்தப் பிரிவு அதிக மார்க் வாங்கியது, எந்தப் பிரிவின் ஆசிரியருக்கு அதிக ரேட்டிங் கிடைத்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1972-ல் மிரியம் ரோடின், பர்ட்டன் ரோடின் இருவரும் சயின்ஸ் இதழில் எழுதியது இந்த வகை ஆய்வுதான். ஒரு நுண்கணித வகுப்பு, 293 மாணவர்கள், 11 உதவி ஆசிரியர்கள். மாணவர்களின் ஆரம்பத் திறமையைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கற்றலுக்கும் ரேட்டிங்குக்கும் இடையே ஒட்டுறவு மைனஸ் 0.75. அதாவது எந்த ஆசிரியரிடம் அதிகம் கற்றார்களோ அவருக்குக் குறைந்த மார்க்! பெரிய சலசலப்பு. ஆனால் அவர்கள் முக்கிய விரிவுரையாளர்கள் இல்லை, கணக்குப் போட உதவுகிறவர்கள்தான் என்று உடனே எதிர்ப்பும் வந்தது. நியாயமான எதிர்ப்புதான்.

1981-ல் பீட்டர் கோஹன் அதுவரை வந்த இந்த வகை ஆய்வுகளில் 41-ஐ ஒன்றாகச் சேர்த்து அலசினார். 68 பாடங்கள். அவருக்குக் கிடைத்த ஒட்டுறவு பிளஸ் 0.43. சுமாராக இருந்தாலும் நல்ல பக்கத்தில் இருக்கிற எண். அதன்பிறகு சுமார் 35 வருடங்களுக்கு, "ரேட்டிங் செல்லும், ஆய்வு சொல்கிறது" என்று யார் சொன்னாலும் பின்னால் நின்றது பெரும்பாலும் இந்த எண்தான். அந்த 0.43-ஐ வர்க்கப்படுத்தினால் 0.18. ஆசிரியருக்கு ஆசிரியர் ரேட்டிங் மாறுவதில் 18 சதவீதம்தான் கற்றலோடு ஒத்துப்போகிறது, மீதி 82 வேறு எதனாலோ. இதையே 'செல்லும்' என்று எடுத்துக்கொண்டார்கள்.

2017-ல் பாப் உட்டிலும் இருவரும் அதே தரவை மறுபடியும் தோண்டினார்கள். இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் எங்கள் வேலையில் வாராவாரம் பார்க்கிற தப்பு இது. கோஹன் சேர்த்த ஆய்வுகளில் பல மிகச் சிறியவை. சிலவற்றில் 10 பிரிவுகள்கூடக் கிடையாது. 6 புள்ளிகளை வைத்து ஒரு கோடு போட்டால் அது எப்படி வேண்டுமானாலும் சாயும். அதில் அழகாகச் சாய்ந்தவை பிரசுரமாகும், சாயாதவை மேசை டிராயரில் கிடக்கும். உட்டில் குழு ஆய்வுகளை அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தபோது, சின்ன ஆய்வுகளில்தான் பெரிய ஒட்டுறவு. பிரிவுகளின் எண்ணிக்கை கூடக் கூட அது கரைந்து பூஜ்யத்தின் பக்கத்தில் போய் நின்றது. ரேட்டிங்குக்கும் கற்றலுக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அவர்கள் முடிவு.

இதுவரை சொன்னதெல்லாம் அந்தப் பாடத்தின் தேர்வில் வாங்கிய மார்க்கைத்தான் கற்றல் என்று எடுத்துக்கொண்டது. ஆனால் நுண்கணிதம் ஒன்றாம் செமஸ்டரில் 90 வாங்கிவிட்டு, இரண்டாம் செமஸ்டரில் அதே நுண்கணிதத்தின் தொடர்ச்சியில் திணறினால் முதலில் கற்றது என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேடியது ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு. நான் படித்ததிலேயே சுத்தமான சோதனை இதுதான் என்பேன். இடம், அமெரிக்க விமானப்படை அகாடமி. ராணுவக் கல்லூரி என்பதால் மாணவருக்கு ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கிற வேலையே கிடையாது, குலுக்கிப் போட்டதுபோல் பிரிவுகளில் போட்டுவிடுவார்கள். ஒரே பாடத்திட்டம், எல்லோருக்கும் ஒரே தேர்வு. அடுத்த பாடமும் கட்டாயம், பிடிக்கவில்லை என்று தப்பிக்க முடியாது. 10,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவு.

கிடைத்தது என்ன? அனுபவமும் படிப்பும் குறைவான ஆசிரியர்களிடம் நுண்கணிதம் படித்தவர்கள் அந்தத் தேர்வில் நன்றாக மார்க் வாங்கினார்கள், ஆசிரியருக்கும் நல்ல ரேட்டிங் கொடுத்தார்கள். அனுபவசாலிகளிடம் படித்தவர்கள் அந்தத் தேர்வில் கொஞ்சம் பின்தங்கினார்கள், ரேட்டிங்கும் கம்மி. ஆனால் அடுத்தடுத்த பாடங்களில் அப்படியே தலைகீழ். அனுபவசாலியின் மாணவர்கள் மேலே போனார்கள். அதாவது மாணவர்கள் பொய் சொல்லவில்லை. இந்தத் தேர்வுக்கு யார் நன்றாகத் தயார் செய்தார் என்பதைச் சரியாகவே சொன்னார்கள். அடுத்த வருடத்துக்கு யார் தயார் செய்தார் என்பது அன்றைக்கு அவர்களுக்குத் தெரிய வழியில்லை. தெரிய வரும்போது படிவம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஏன் இப்படி என்பதற்குக் கேரலும் வெஸ்ட்டும் ஊகம்தான் சொல்கிறார்கள். புதியவர்கள் பாடத்திட்டத்தையும் தேர்வையும் ஒட்டியே நடத்துவார்கள், பழையவர்கள் கொஞ்சம் விரித்து, அடியில் இருக்கும் கருத்தைப் போட்டு உழப்புவார்கள் என்று. நம் ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்' கொடுத்துத் தேற்றிவிடும் ஆசிரியரும், "இது எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்" என்று கரும்பலகை முழுக்க நிரூபணம் எழுதும் ஆசிரியரும் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. யாருக்கு செமஸ்டர் முடிவில் கைதட்டு என்பதும் தெரிந்ததுதான்.

இத்தாலியில் மிலான் நகரத்துப் பொக்கோனி பல்கலைக்கழகத் தரவை வைத்து பிராகா, பாக்கஞெல்லா, பெல்லிட்சாரி மூவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதை வந்தது. பின்னால் வரும் பாடங்களில் மாணவரை மேலே கொண்டுபோன ஆசிரியர்களுக்கு அன்றைய ரேட்டிங் குறைவு. ஒரு சின்ன உபரித் தகவலும் உண்டு. படிவம் நிரப்பும் நாளில் மழையும் குளிருமாக இருந்தால் மார்க் குறைகிறது. ஜெர்மனியில் மியூன்ஸ்டரில் 118 மருத்துவ மாணவர்களை 20 குழுக்களாகப் பிரித்து, 10 குழுக்களுக்கு மட்டும் வகுப்பில் சாக்லெட் பிஸ்கட் வைத்துப் பார்த்தார்கள். 2018-ல் வந்த ஆய்வு. பிஸ்கட் சாப்பிட்டவர்கள் ஆசிரியருக்கும் அதிகம் போட்டார்கள், பாடக் குறிப்புகளுக்கும் அதிகம் போட்டார்கள். அரைக் கிலோ பிஸ்கட்டின் வேலை.

இதைப் படித்துவிட்டு "பசங்களுக்கு என்ன தெரியும்" என்று சொல்ல வருகிறவர்களைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன். இது வயசுக் கோளாறு இல்லை, மூளையின் வேலை. ஹார்வர்டில் அறிமுக இயற்பியல் வகுப்பில் டெலோரியேவும் குழுவும் செய்த ஒரு சோதனை 2019-ல் வெளியானது. ஒரு பாதிக்கு அனுபவமிக்க ஆசிரியரின் தடையில்லாத அருமையான விரிவுரை. இன்னொரு பாதிக்கு அதே பாடம், அதே குறிப்புகள், ஆனால் குழுவாக உட்கார்ந்து தாங்களே கணக்குப் போட்டு முட்டி மோத வேண்டும். அடுத்த பாடத்துக்கு இரு பாதிகளையும் மாற்றிவிட்டார்கள். முட்டி மோதியவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள். ஆனால் "எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள்?" என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். தெளிவான பேச்சைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். வீட்டுக்குப் போய்த் தாளை எடுத்தால்தான் தெரியும். டாக்டர் ஃபாக்ஸிடம் அந்த 55 பேர் விழுந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை ரேட்டிங்கால் என்ன பயன் என்று பார்த்தோம். இனி அதில் நியாயம் இருக்கிறதா என்ற கேள்வி. இங்கேதான் சித்தி மகளின் 78 எனக்கு உறுத்த ஆரம்பித்தது.

வட கரோலினாவில் லில்லியன் மெக்னெல்லும் இருவரும் ஓர் ஆன்லைன் வகுப்பை வைத்து எளிமையான ஒரு காரியம் செய்தார்கள். இரண்டு உதவி ஆசிரியர்கள், ஒருவர் ஆண், ஒருவர் பெண். இருவரும் தலா இரண்டு குழுக்களை நடத்தினார்கள். ஒரு குழுவுக்குத் தன் சொந்த அடையாளத்தில், இன்னொன்றுக்கு மற்றவரின் பெயரில். மாணவர்கள் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. விடைத்தாள்களை ஒரே நேரத்தில் திருத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் 'குறித்த நேரத்தில் தருகிறாரா' என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55. நேரம் ஒன்றுதான், மார்க் வேறு. மொத்தம் 43 மாணவர்கள்தான், சின்னச் சோதனை. சின்ன ஆய்வை நம்பாதே என்று மேலே நானே சொல்லிவிட்டேன். அதனால் பெரியதைப் பார்க்க வேண்டும்.

பெரியது நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மெங்கல், சவர்மன், சோலிட்ஸ், 2019. 19,952 மதிப்பீடுகள், மாணவர்கள் குலுக்கல் முறையில் பிரிவுகளுக்குப் போனவர்கள். பெண் ஆசிரியரிடம் படித்தவர்கள் மார்க்கிலோ படிப்புக்குச் செலவிட்ட நேரத்திலோ பின்தங்கவில்லை. ஆனாலும் பெண் ஆசிரியர்களுக்கு ரேட்டிங் குறைவு. இந்தக் குறைவு முக்கியமாக ஆண் மாணவர்களிடமிருந்து வருகிறது. இளம் ஆசிரியைகளுக்கு அதிகம் அடிபடுகிறது. கணிதம் சார்ந்த பாடங்களில் இன்னும் அதிகம். இதில் என்னை நிறுத்தி வைத்த விவரம் ஒன்று உண்டு. பாடப்புத்தகம், ஆன்லைன் தளம் ஆகியவை எல்லாப் பிரிவுக்கும் ஒன்றேதான். ஆனால் ஆசிரியர் பெண்ணாக இருந்தால் அந்தப் புத்தகத்துக்கும் மார்க் குறைகிறது. புத்தகம் என்ன பாவம் செய்தது!

முப்பது வயதைத் தாண்டாத, முதலாண்டு பையன்களுக்குக் கணிதம் எடுக்கிற ஒரு பெண்ணுக்கு 78 வந்திருக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அவளுக்கு வந்த 6 சதவீதக் குறைவு பாரபட்சத்தால்தான் என்று நான் சொல்லவில்லை, ஒரு தனி நபரின் எண்ணிலிருந்து அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. அதே காரணத்தால், அவள் மோசமாக நடத்துகிறாள் என்றும் அந்த எண்ணிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் கல்லூரி அதைச் சொல்லிவிட்டது, எழுத்தில் விளக்கமும் வாங்கிக்கொண்டது.

எண்ணுக்குள்ளேயே இன்னொரு ஓட்டை இருக்கிறது. அவள் பிரிவில் 60 பேர். படிவத்தை நிரப்பியவர்கள் 20 பேர். அந்த 20-ல் 4 போடுகிற இரண்டு பேர் கோபத்தில் 1 போட்டால் மொத்தத்தில் 6 குறையும். 20-ஆல் வகுத்தால் 0.3. அதாவது 4.2-க்கும் 3.9-க்கும் உள்ள முழு வித்தியாசமும் இரண்டே பையன்களின் மனநிலை. வாய் திறக்காத 40 பேர் என்ன நினைக்கிறார்கள் என்பது கணக்கிலேயே வரவில்லை. சராசரியும் ஏமாற்றும். 20 பேரும் 3 போட்டால் சராசரி 3. பத்துப் பேர் 5, பத்துப் பேர் 1 போட்டாலும் சராசரி 3. முதல் ஆசிரியர் சுமார் ரகம். இரண்டாமவர் பாதி வகுப்புக்குத் தெய்வம், பாதி வகுப்புக்கு எமன். இந்த இருவரையும் ஒரே எண்ணில் அடைத்துவிட்டு ஒப்பிடுகிறோம். பெர்க்லியின் புள்ளியியல் பேராசிரியர் ஃபிலிப் ஸ்டார்க் ரொம்ப நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்: சராசரி போடாதே, எத்தனை பேர் எதைப் போட்டார்கள் என்று அப்படியே காட்டு.

அளவுகோலில் எத்தனை கோடு என்பதுகூட விளையாடும். வட அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று 10 மார்க் முறையிலிருந்து 6 மார்க் முறைக்கு மாறியது. லாரன் ரிவேராவும் ஆண்ட்ராஸ் டில்சிக்கும் 2019-ல் அந்த மாற்றத்தை ஆராய்ந்தார்கள். ஆண்கள் அதிகமுள்ள துறைகளில், 10-க்குப் போட்டபோது தெரிந்த ஆண்-பெண் இடைவெளி 6-க்குப் போட்டதும் இல்லாமல் போயிற்று. 10 என்றால் மனதில் வருவது மேதை, அந்த நாற்காலியில் ஆணைத்தான் உட்கார வைக்கிறோம். 6-க்கு அந்த மினுக்கு இல்லை. சொல்லிக்கொடுப்பவரும் கேட்பவரும் மாறவில்லை, படிவம் மட்டும்தான் மாறியது.

கனடாவில் இந்த விவகாரம் நடுவர் மன்றம் வரைக்கும் போயிற்று. டொராண்டோவின் ரையர்சன் பல்கலைக்கழகத்துக்கும் (இப்போது டொராண்டோ மெட்ரோபாலிட்டன்) அதன் ஆசிரியர் சங்கத்துக்கும் இடையே பல வருடம் இழுத்த தகராறு. 2018-ல் நடுவர் வில்லியம் கப்லான் தீர்ப்புச் சொன்னார். ரேட்டிங் சராசரிகளைக் கற்பிக்கும் திறமையின் அளவாகப் பதவி உயர்வுக்கோ வேலை நிரந்தரத்துக்கோ பயன்படுத்தக் கூடாது என்று. ஆனால் படிவத்தையே தூக்கிப்போடச் சொல்லவில்லை. மாணவருக்கு வகுப்பு எப்படி இருந்தது என்பதைச் சொல்ல அதுதான் வழி, அந்த மட்டில் அது பயனுள்ளது என்றார். எனக்கு இது நியாயமான தீர்ப்பாகப் படுகிறது. அதே வருடம், டாக்டர் ஃபாக்ஸை மேடையேற்றியவர்கள் வேலை பார்த்த தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும், பதவி உயர்வில் மாணவர் ரேட்டிங்கைத் திறமையின் அளவாக எடுத்துக்கொள்வதை நிறுத்துவதாக அறிவித்தது. 45 வருடம் ஆகியிருக்கிறது.

அவர்கள் இறங்கி வந்துகொண்டிருக்கும்போது நாம் ஏறிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் வேடிக்கை. 2017-ல் நாக் தன் திருத்திய முறையில் மாணவர் திருப்தி ஆய்வு என்று 20 கேள்விகளைக் கொண்டுவந்தது. 2019-ல் ஏஐசிடிஇ வெளியிட்ட விதிகளில் ஆசிரியரின் '360 டிகிரி' மதிப்பீட்டுக்கு 100 புள்ளிகள், அதில் 25 மாணவர் ஃபீட்பேக்குக்கு. சமூகத்துக்குச் செய்த பணிக்கு 10-தான். தனியார் கல்லூரிகள் இதைத் தங்கள் வசதிக்குச் சதவீதமாக்கி வைத்திருக்கின்றன.

நம்மிடம் இன்னொரு சிக்கலும் உண்டு, அது அந்த அமெரிக்கக் கட்டுரைகளில் கிடையாது. அங்கே ஆசிரியர்தான் மாணவரைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று எழுதுகிறார்கள், நல்ல ரேட்டிங்குக்காக மார்க்கை அள்ளிப் போடுகிறார் என்று. இங்கே பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. அந்த 40 வகுப்பு எடுப்பவர் கையில். ஃபீட்பேக் படிவத்துக்குள் நுழைவதோ பதிவு எண்ணைப் போட்டு. பெயர் தெரியாது என்று எத்தனை தடவை சொன்னாலும் பையன் நம்புவானா? சில கல்லூரிகளில் எல்லோரையும் லேபில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் உலாத்திக்கொண்டே நிரப்பச் சொல்வார்கள். கடகடவென்று 'எக்ஸலன்ட்' வரிசையில் கிளிக் செய்துவிட்டுக் கேன்டீனுக்கு ஓடுவார்கள். பயந்தவன் 5 போடுகிறான், கடுப்பானவன் 1 போடுகிறான், யோசித்துப் போடுகிறவன் கொஞ்சம் பேர். வருகிற சராசரியை இரண்டு தசம இடம் வரைக்கும் எக்ஸெலில் போட்டு ஹெச்ஓடி மேசைக்கு அனுப்புகிறார்கள்.

அப்படியென்றால் மாணவரைக் கேட்கவே கூடாதா? கேட்க வேண்டும். சில விஷயங்கள் அவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வகுப்புக்கு வந்தாரா, வந்து முழு நேரமும் இருந்தாரா, கடைசி பெஞ்சுக்குக் கேட்டதா, பலகையில் எழுதியது தெரிந்ததா, டெஸ்ட் பேப்பர் எத்தனை நாளில் திரும்பி வந்தது, சந்தேகம் கேட்டால் எரிந்து விழுந்தாரா, யாரையாவது சாதி சொல்லியோ ஊர் சொல்லியோ மட்டம் தட்டினாரா. கடைசி இரண்டுக்கும் மாணவருக்கு இந்தப் படிவத்தை விட்டால் வாய் கிடையாது, அதனால் அதைப் பறிக்கிற எந்த யோசனைக்கும் நான் எதிரி. ஆனால் 'பாடத்தில் ஆழ்ந்த அறிவு உள்ளவரா?' என்று 18 வயதுப் பையனிடம் கேட்பது அபத்தம். அந்த ஆழம் தெரிந்தால் அவன் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறான்?

கற்றலை அளக்க வேண்டும் என்று யாருக்காவது உண்மையிலேயே ஆசை இருந்தால், அதற்கான தரவு கையிலேயே இருக்கிறது. தன்னாட்சி பெறாத இணைப்புக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் கேள்வித்தாள் பல்கலைக்கழகத்திலிருந்துதான் வருகிறது. வகுப்பு எடுத்தவர் கேள்வித்தாளைத் தயாரிப்பதில்லை. முதல் செமஸ்டர் கணிதமும் இரண்டாம் செமஸ்டர் கணிதமும் இருக்கின்றன. முதல் செமஸ்டரில் யாரிடம் படித்தவர்கள் இரண்டாவதில், வேறொரு ஆசிரியரிடம், எப்படி எழுதினார்கள்? விமானப்படை அகாடமியில் செய்த கணக்கின் நாட்டு வடிவம் இதுதான். மாணவர் பதிவு எண், இரண்டு செமஸ்டரின் செமஸ்டர் தேர்வு மார்க், ப்ளஸ் டூ கணித மார்க், முதல் செமஸ்டரில் எடுத்தவர் யார், இரண்டாவதில் எடுத்தவர் யார். இவ்வளவு போதும். அரைநாள் வேலை.

ஓட்டை இல்லாமல் இருக்காது. நம் கல்லூரிகளில் பிரிவுகள் குலுக்கிப் போடப்படுவதில்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு பிரிவு, சிவில் ஒரு பிரிவு என்று கிளை வாரியாக உட்காருகிறார்கள். கட்ஆஃப் அதிகமுள்ள கிளைக்குப் போன ஆசிரியருக்கு அது இலவச மார்க். அதனால்தான் ப்ளஸ் டூ மார்க்கைக் கழித்துப் பார்க்க வேண்டும், அதே ஆசிரியரை மூன்று நான்கு வருடம் வெவ்வேறு கிளைகளில் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே கிளைக்கு இரண்டு பிரிவு இருக்கும் இடங்களில் ஒப்பீடு இன்னும் சுத்தமாக வரும். சித்தி மகள் எடுப்பது அப்படிப்பட்ட ஒன்றுதான், ஒரே கிளையின் 'ஏ' பிரிவு அவளுக்கு, 'பி' பிரிவு 84 வாங்கியவருக்கு. அந்தப் பிள்ளைகளின் இரண்டாம் செமஸ்டர் ரிசல்ட் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறது. யார் எந்தப் பிரிவுக்கு எடுத்தார் என்பது பழைய டைம் டேபிளில் இருக்கிறது. இரண்டும் ஒரே கட்டடத்தில், வேறு வேறு அலமாரியில்.